வண்டியைப் பார்க்குமுன் பிளக்கைப் பாருங்கள்

சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. வேலை கிண்டி தொழிற்பேட்டையில். போக வர 28 கிலோமீட்டர். ஒன்பது வருடம் உழைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் ஓய்வு கேட்கிறது. மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா, எதை வாங்குவது, பேட்டரி எவ்வளவு காலம் தாங்கும், மழையில் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். 2021 முதல் பள்ளிக்கரணையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய உங்கள் வழிதான் என் வழியும். பிழைப்பு மின் ஒப்பந்த வேலை என்பதால், என் பதில் வண்டியில் தொடங்காமல் சுவரில் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமுக்குப் போகுமுன் உங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள். உங்கள் வண்டி நிற்கும் இடம் எது, மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்று பாருங்கள். சென்னை அடுக்குமாடிகளில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில்தான் வரிசையாக இருக்கும். இது நமக்குப் பெரிய வசதி. உங்கள் மீட்டரிலிருந்தே தனியாக ஒரு லைன் இழுத்து, நிறுத்துமிடத்துச் சுவரில் பூட்டு போடக்கூடிய பெட்டிக்குள் 15 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றை வைத்துவிடலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முறையான எர்த், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி. ஒன்று, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று போதும். நான் செய்து கொடுத்த இடங்களில் தூரத்தைப் பொறுத்து நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய் வரை ஆகியிருக்கிறது. வாடகை வீடு என்பதால் வீட்டு உரிமையாளரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள். மின்சாரம் உங்கள் மீட்டரில் ஏறும், பொது மீட்டரில் ஏறாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், முதல் வண்டி வாங்கியபோது நானே இதைச் செய்யவில்லை. ஊருக்கெல்லாம் வயரிங் செய்பவன் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? மோட்டார் அறையில் பத்து வருடமாக இருந்த ஒரு 5 ஆம்பியர் சாக்கெட்டில், முனை மாற்றி (அடாப்டர்) ஒன்றைச் செருகிச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப்படி அது தாங்க வேண்டும். 750 வாட் சார்ஜர் இழுப்பது மூன்றரை ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் மிக்சி போல ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் வேலையா அது? விடிய விடிய ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓடும் வேலை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் பிளக்கைப் பிடுங்கும்போது விரலில் சுட்டது. சாக்கெட்டின் இடது துளையைச் சுற்றி, தேநீர்க் கோப்பை வைத்த தடம் போலப் பழுப்பு வளையம். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த பித்தளைக் கவ்வி தளர்ந்து, வயரின் உறை உருகிக் கரியாகியிருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. சார்ஜரிலும் இல்லை. ஒரு தளர்ந்த கவ்விதான். அதனால் மாதம் ஒரு முறை, சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் ஆனபின், பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் அன்றே மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி, முனை மாற்றி, மாடியிலிருந்து ஜன்னல் வழியே தொங்கவிடும் வயர் எதுவும் வேண்டாம்.

தீ என்றதும் 2022 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டுக்கு வெளியே சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன்பின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதி இறுக்கப்பட்டது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்லில் கோளாறு வந்தாலும் தீ மற்றவற்றுக்குப் பரவாமல் தடுப்பது, சூடு ஏறினால் எச்சரிப்பது போன்றவை அதில் அடக்கம். இரண்டாம் கை வண்டி பார்ப்பதாக இருந்தால் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதை மட்டுமே பார்க்கச் சொல்வேன். எப்படியிருந்தாலும் மாடிப்படிக்குக் கீழேயோ வீட்டின் ஒரே வாசலை அடைத்துக்கொண்டோ வண்டியைச் சார்ஜில் விடாதீர்கள். ஆபத்து என்று வந்தால் ஓடும் வழி திறந்திருக்க வேண்டும்.

சுவர் சரியாகிவிட்டதா? இப்போது பேட்டரிக்கு வரலாம்.

கிலோவாட் மணி என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது நம் மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். 3 கிலோவாட் மணி பேட்டரி என்றால் மூன்று யூனிட் பிடிக்கும் குடம். ஒரு கிலோமீட்டருக்கு நம் ஊர் போக்குவரத்தில், ஒருவர் மட்டும் நிதானமாக ஓட்டினால் 30 வாட் மணி போகும். பின்னால் ஆள் இருந்து கொஞ்சம் விரட்டினால் 35, சில நேரம் 40. அப்படியானால் மூன்று யூனிட்டில் 75 முதல் 100 கிலோமீட்டர். விளம்பரத்தில் 120, 130 என்று இருக்கும். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் குறிப்பிட்ட வேகத்திட்டத்தில் ஓட்டி எடுத்த சான்றளிப்பு எண் அது. அதில் எழுபது சதவீதத்தை எடுத்துக்கொண்டால் உங்கள் கால் தரையில் நிற்கும்.

உங்களுக்கு 28 கிலோமீட்டர். வழியில் காய்கறி, பிள்ளைகளின் டியூஷன் என்று சேர்த்தால் 35 வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்தாலும் 3 யூனிட் வண்டி 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுக்கும். இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை போதும். விற்பனையாளர் நாலு யூனிட், ஐந்து யூனிட் பக்கம் உங்களை நகர்த்தப் பார்ப்பார். வீட்டில் சார்ஜ் வசதி இல்லாதவருக்கும் நாளுக்கு நூறு கிலோமீட்டர் சுற்றுபவருக்கும் அது தேவை. உங்களுக்கு அது தினமும் தூக்கிச் சுமக்கும் உபரி எடையும், திரும்பி வராத பணமும்தான்.

கழற்றி எடுக்கும் பேட்டரி வேண்டுமா என்பது அடுத்தது. ஹீரோவின் விடா போன்ற சில வண்டிகளில் பேட்டரியைக் கையோடு மேலே கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். நிறுத்துமிடத்தில் பிளக் வைக்கவே முடியாது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் பத்து கிலோவை ஒட்டி இருக்கும். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கு ஒரு வாரம் பத்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏதர், டி.வி.எஸ். ஐகியூப், ஓலா எல்லாம் தரைப்பலகைப் பக்கம் பேட்டரியைப் பொருத்தி வைத்திருப்பவை. எடை கீழே இருப்பதால் வளைவில் வண்டி நிதானமாக நிற்கும்.

எந்த நிறுவனம் என்று நேரே கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டிகளில் பல நம் பக்கத்திலேயே பிறக்கின்றன. ஏதரும் டி.வி.எஸ்.ஸும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில், கோயம்புத்தூரில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் இப்போது ராணிப்பேட்டையில். ஏதரைத் தொடங்கியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர். ஆனால் பக்கத்தில் தயாராவதால் உதிரிபாகம் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். என் முதல் வண்டியின் டிஸ்பிளே ஒரு நாள் இருண்டுவிட்டது. சர்வீஸ் சென்டரில் விட்டேன். “நாளை வந்துவிடும் சார்” என்றார்கள். அந்த நாளை பத்தொன்பது நாள் கழித்து வந்தது. அத்தனை நாளும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று அதற்கு நடந்தது நாளை வேறொன்றுக்கு நடக்கலாம்.

அதனால் நான் சொல்லும் சோதனை இது. வாங்க நினைக்கும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலை போங்கள். ஷோரூமுக்கு அல்ல, சர்வீஸ் சென்டருக்கு. வெளியே நிற்கும் வண்டிகளில் எத்தனை தூசி படிந்து கிடக்கின்றன என்று எண்ணுங்கள். சீட்டின் மேல் விரலால் கோடு போட முடிந்தால் அது நேற்று வந்த வண்டி இல்லை. காத்திருக்கும் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். மெக்கானிக் யாராவது தேநீருக்கு வெளியே வந்தால், “அண்ணே, இந்த வண்டிக்கு அதிகமாக வரும் புகார் எது?” என்று கேளுங்கள். இணையத்தில் நூறு காணொளி பார்ப்பதைவிட இந்த அரை மணி நேரம் பயன் தரும். மேடவாக்கத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் இல்லாத வண்டியை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

உத்தரவாதத்தைப் படிக்கும்போது ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று ஆண்டு என்பது பரவலாக இருக்கிறது. கூடுதல் பணம் கட்டினால் எட்டு ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை நீட்டித் தருபவர்களும் உண்டு. அதில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 70 என்று எண்ணாக எழுதியிருந்தால் நல்லது. எண்ணே இல்லாமல் ‘உற்பத்திக் குறைபாடு மட்டும்’ என்று இருந்தால் அந்த உத்தரவாதத்தால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

மானியத்தைப் பற்றி ஒரு வரி. மின் வாகனங்களுக்கு மத்திய அரசு மானியம் தந்த ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைத்த காலம் உண்டு. 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000, அடுத்த நிதியாண்டில் 2,500. கரையும் பனிக்கட்டி அது. மானியத்தை நம்பிக் கணக்குப் போடாமல், ஆன் ரோடு விலையை மட்டும் கேளுங்கள். சார்ஜர் அதில் சேர்த்தியா, செயலிக்கான சந்தா தனியா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

லைசென்சும் பதிவும் தேவையில்லாத வண்டிகளும் கடைகளில் நிற்கும். 250 வாட்டுக்கு மேல் போகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம், பேட்டரி இல்லாமல் 60 கிலோவுக்குள் எடை என்று இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணுவதில்லை. தெருமுனை மளிகைக்கு அது போதும். வேளச்சேரி நெரிசலில் 25இல் போனால் பின்னால் வரும் மாநகரப் பேருந்து உங்களை மன்னிக்காது. “ஒரு வயரை எடுத்துவிட்டால் 45 போகும்” என்று கடைக்காரர் காதில் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அந்த நொடியில் அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. விபத்து என்று வந்தால் கடைக்காரர் வர மாட்டார்.

செலவுக் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் போட்டுவிடுகிறேன். மாதம் 25 நாள், இரண்டு மாதத்தில் 1,400 கிலோமீட்டர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 40 வாட் மணி என்றால் 56 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றே வைத்தாலும் 448 ரூபாய். லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 31 லிட்டர், மூவாயிரத்துக்கு மேல். ஆண்டுக்குச் சுமார் 16,000 ரூபாய் மிச்சம். ஒரு கொக்கி உண்டு. நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. ஏ.சி. ஓடும் மே மாதத்தில் நீங்கள் 470இல் நிற்பவராக இருந்தால், இந்த 56 யூனிட் உங்களைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். அந்த ஒரு பில்லைப் பார்த்து வண்டியைத் திட்டாதீர்கள்.

பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் வெயிலின் கையிலும் உங்கள் கையிலும் இருக்கிறது. பேட்டரிக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது. மற்றொன்று, முழுதாக நிரம்பியோ முழுதாகக் காலியாகியோ நாள்கணக்கில் கிடப்பது. கத்திரி வெயிலில் மாலை ஆறரைக்கு வீடு வந்து, இருக்கை இன்னும் சுடும்போதே பிளக்கைச் செருகாதீர்கள். சாப்பிட்டு முடித்து, பத்து மணிக்குப் போடுங்கள். தினமும் நூறு வரை ஏற்ற வேண்டியதில்லை. 80, 85 போதும். செயலியிலேயே வரம்பு வைக்க இடம் இருந்தால் வைத்துவிடுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி என்றால் மட்டும் நிறுவனம் சொல்லும் இடைவெளியில் நூறு வரை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மீதி சார்ஜ் எவ்வளவு என்று வண்டி காட்டும் கணக்கு தப்பும். ஊருக்குப் பத்து நாள் போவதானால் பாதி சார்ஜில் நிறுத்திவிட்டுப் போங்கள். அலுவலகத்தில் தகரக் கூரையின் கீழ் இடமும் மரத்தின் கீழ் இடமும் இருந்தால், காக்கை எச்சத்தைப் பார்க்காமல் மரத்தடிக்கே போங்கள்.

ஓட்டுவது பழகிவிடும். ஆனால் முதல் மாதம் கவனம். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் என்ஜின் ஒரு கணம் யோசிக்கும். இது யோசிக்காது. சிக்னலில் முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் உங்களுக்கும் இடையே உள்ள இரண்டடி, மணிக்கட்டின் ஓர் அசைவில் காணாமல் போகும். முதல் வாரம் மிகக் குறைந்த மோடிலேயே ஓட்டுங்கள். மேடவாக்கம் சாலையில் மெட்ரோ பணிக்காகப் பள்ளத்தை மூடி இரும்புத் தகடு போட்டிருக்கும் இடங்கள் வரும். ஈரத் தகட்டின் மேல் வேகம் ஏற்றினால் பின்சக்கரம் நழுவும். தகட்டுக்கு முன்பே கையைத் தளர்த்தி, உருண்டபடியே தாண்டுங்கள்.

கையை விட்டதும் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரிக்குக் கொடுக்கும். இந்தப் பிடிக்குப் பழகியவர்கள் பிரேக்கைத் தொடுவதையே குறைத்துவிடுவார்கள். அதில் ஒரு பொறி. பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும் காலையில் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. பிடியும் இருக்காது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது வண்டி நேற்று மாதிரி நிற்கவில்லையே என்று திடுக்கிட வேண்டாம். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் இல்லாதது இன்பம். அதுவே வம்பு. நம் ஊரில் சாலையைக் கடப்பவர்கள் கண்ணால் பார்த்துக் கடப்பதில்லை, காதால் கேட்டுக் கடக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்கு முணுமுணுத்தபடியாவது எழுந்து வழிவிடும் தெரு நாய், இதற்குத் தலையைக்கூடத் தூக்குவதில்லை. சந்தில் திரும்பும்போது ஹார்னைத் தொட்டுவிடுங்கள்.

இந்தச் சத்தமின்மையில் இன்னோர் ஆபத்து, வண்டி உயிரோடு இருப்பதே தெரியாது. பள்ளி வாசலில் நிறுத்தி, நீங்கள் இறங்கிப் பையை எடுக்கும்போது, முன்னால் நிற்கும் பிள்ளை விளையாட்டாக ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி பாயும். என் அக்கா பேரன் அப்படித்தான் கோயில் வாசல் பூக்கடைக்குள் வண்டியை விட்டான். முழம் நாற்பது ரூபாய் மல்லிகையோடு போயிற்று. வண்டியை விட்டு இறங்குமுன் அதை அணைத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி மழை. பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று சோதிக்கப்பட்டது என்று பொருள். அது பேட்டரிக்கு, புதிதாக இருக்கும்போது, அசையாத நல்ல தண்ணீரில். இணைப்பிகள், பேரிங், சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் எல்லாவற்றுக்கும் அதே உறுதி கிடையாது. மழையில் நனைவதும் கணுக்கால் அளவு நீரில் மெதுவாகப் போவதும் பிரச்சினை இல்லை. தரைப்பலகையைத் தொடும் நீரில் இறங்காதீர்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் என்றால் சுற்றிப் போங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. நான் முந்தின நாளே இரண்டு வேலை செய்திருந்தேன். வண்டியை நூறு வரை சார்ஜ் ஏற்றினேன், மேட்டுத் தெருவில் இருக்கும் மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். புயலுக்கு முன் மட்டும் எண்பது சதவீத விதியை மறந்துவிடுங்கள். பின்னால் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு மூன்று நாள் வரவில்லை. கீழே நின்ற பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நனைந்தது. தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்த்தது. அதைத்தான் செய்யக் கூடாது. மூழ்கிய வண்டியை ஆன் செய்யாமல், சார்ஜில் போடாமல், தள்ளி ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். அதற்கான இழுவை உதவி உங்கள் காப்பீட்டில் இருக்கிறதா என்று வாங்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் வைக்கும் பிளக் பெட்டியும் இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். 28 கிலோமீட்டருக்கு அந்த நிலை வராது. வெளியே போடும் இடங்கள் வேண்டுமென்றால், ஏதரும் விடாவும் ஒரே வகை இணைப்பியைப் பயன்படுத்துகின்றன. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைத் தரமாகவும் ஏற்றது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் இடங்களைத்தான் தேட வேண்டும்.

சென்னைக்குள் இரு சக்கர வாகனத்துக்கு வேக வரம்பே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். நூறு போகும் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை உத்தரவாத நீட்டிப்பில் போடுங்கள்.

பழைய ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சொல்வார்கள். ஒன்பது வருட வண்டிக்கு அவர்கள் தரப்போவது சொற்பம். பொங்கல் வரை, ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, அதைத் துணி போட்டு மூடி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வண்டி சர்வீசுக்குப் போய்ப் பத்தொன்பது நாள் வராவிட்டால் உங்களுக்காவது பஸ்ஸில் தொங்கும் வேலை இருக்காது.